நீட்டாத குங்குமம்

அன்புள்ள அக்காவுக்கு,

வேலாயுதம் ஐயா நம் சங்கத் தலைவராக ஜெயித்துவிட்டார். விதவைகளை ஒதுக்கக் கூடாது என்று மேடையில் பேசிய அவருக்காகத்தான் நானும் சூலியா தெருவில் வீடு வீடாகக் குங்குமத் தட்டோடு ஓட்டுக் கேட்டேன்.

உங்கள் வீட்டில் உங்கள் மாமியார், "வாயத் தெறந்து கேளு லா, தட்டா பேசும்?" என்று சிரித்தார். அவருக்கு நீட்டினேன். அடுத்து, வெள்ளைச் சேலையில் நீங்கள் நின்றீர்கள். என் கை தானாகத் தட்டை இழுத்துக்கொண்டது.

நீங்களோ, "பரவால்ல தங்கச்சி, என் தம்பிய ஒங்க ஐயாவுக்கே ஓட்டுப் போடச் சொல்றேன்" என்றீர்கள். நானோ தட்டோடு அடுத்த வீட்டுப் படி ஏறிவிட்டேன்.

வெற்றி விழாவுக்கு அழைக்க நாளை வருகிறேன். முதலில் உங்களிடம்தான் நீட்டுவேன், மாமியார் பார்த்தாலும். வேண்டாம் என்றால், சிறிது நேரம் உங்களோடு உட்காரவாவது விடுங்கள்.

தலை நிமிர முடியாத,
உங்கள் தங்கை