மீண்டும் இரண்டாம் வகுப்பு

நிவேதனாவின் அப்பாவுக்கு,

பிள்ளையின் செலவுக்கான தாபரிப்புக் கட்டளையில், அவள் இதுவரை ஆங்கிலத்தில் படித்த சர்வதேசப் பாடசாலையின் கட்டணம் சேரவில்லை. அரசுப் பள்ளி இலவசம்தானே என்ற உங்கள் சட்டத்தரணியின் வாதத்தை நீதவான் ஏற்றுக்கொண்டார்.

நேற்று அவளை ஊர்ப் பள்ளியில் சேர்த்தேன். கனடாவுக்கு வரப்போகிற பிள்ளைக்கு ஆங்கிலம் போதும் என்று நீங்கள் சொன்னதால், வீட்டிலும் தமிழ் எழுத்துப் பழக்கவில்லை.

“வாசிக்கத் தெரியாத பிள்ளையை நாலாம் வகுப்பிலை எப்பிடி இருத்திறது? இரண்டிலை இருக்கட்டும்,” என்றார் அதிபர்.

சின்னக் கதிரையில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளை கேட்டது:

“அக்கா, நீங்கள் பெயிலோ?”

“இல்லை. அப்பா கனடாவுக்குக் கூப்பிடும் மட்டும்தான் இஞ்சை இருப்பன்.”

வகுப்பு வாசலில் நின்ற எனக்கு அது கேட்டது. கூப்பிடும் எண்ணம் இல்லை என்று விவாகரத்து வழக்கில் சொன்னீர்கள். அதை அவளிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா