ஒரு பிடி புதினா

என் அன்பு மனைவிக்கு, நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

உன்மேல் எனக்குக் கோபம். நீ போனில் சொன்னபடிதான் பிஸ்கட் சுட்டேன். "பச்சைப் புதினா ஒரு பிடி கிள்ளிப் போடுங்க" என்றாய், போட்டேன். ஒரே கசப்பு! அறையில் கூட இருக்கும் வெல்டர் ஒரு கடி கடித்துவிட்டு, "அண்ணே, இது பிஸ்கட்டா கஷாயமா?" என்றான். அத்தனையும் குப்பைக்குப் போனது.

பிறகுதான் உறைத்தது. நீ சொன்னது உன் பிடி. நான் போட்டது மூட்டை தூக்குகிற என் பிடி. முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

உன் கையைத் தாளில் வைத்து, விரல்களைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. அளவுக்குத்தான் கேட்கிறேன். வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது. கையை மட்டும் மடிக்காமல் அனுப்பு.