ஆதன் மருதியார்க்கு உளந்தேற்றுநர் பட்டயம் மீள அளித்த ஓலை

வானம் வேண்டுங்காலத்து வழங்குக. வழங்கிய நீர் கரை மீறாது தங்குக. தங்கிய நீர் உழுவோர் கைக்கு எட்டுக.

பொன்னாவரை நாட்டின் ஐந்து மண்டலங்கட்கும் ஒருகுடை நிழல் தந்து, முறை வேண்டி வந்தார்க்கு ஒருநாளும் வாயில் அடையாத கோமகள் முற்றிழைத் தேவியார் திருவடி வாழ்க. அவர்தம் பேரமைச்சனும் ஓலைநாயகனுமாகிய பூதங்குடி விண்ணன் யாம், கழிமுக மண்டலத்தின் ஆள்நாயகரும் உப்பங்கழி ஏழின் காவலரும் எம் இளமைத் தோழருமாகிய கண்டன் அழிசியார்க்கு விடுக்கும் ஓலை. நும் துறைகளில் கலம் குறையாதிருப்பதாக; நும் மனையில் சிரிப்பொலி குறையாதிருப்பதாக.

ஈங்கு யாவரும் நலம். ஓலைக்காரன் குதிரையை விரைந்து செலுத்தி வந்தமை கண்டு, போரோ பஞ்சமோ என நும் நெஞ்சு பதற வேண்டா. நெடுநாட்குப் பின் எம் எழுத்தாணி மகிழ்ந்து எழுதும் செய்தி இது. இதன் ஈற்றில் ஆணை ஒன்று உண்டு. செய்தியை முழுதும் அறிந்தாலன்றி ஆணையின் பொருள் விளங்காதாகலின், யாம் சற்றே நீள எழுதுவதைப் பொறுத்தருள்க.

நம் நாட்டில் உடல்நோய் தீர்ப்பாரைப் போலவே, உள்ளத்து நோயைக் கேட்டுத் தெளிவிப்பாரும் உளர். உளந்தேற்றுநர் எனப்படும் அவர், தம் அவையத்தின் செப்புப் பட்டயம் பெற்றே தொழில் செய்வர் என்பதும், ஐயாண்டுக்கு ஒருமுறை அவையத்தின்முன் வந்து அதனைப் புதுப்பித்துக்கொள்வர் என்பதும் நீர் அறிந்தவை. பட்டயம் இல்லாதார் பிறர் துயரில் கைவைப்பது குற்றம். அறியாதான் கட்டிய கட்டு எலும்பைக் கோணலாக்குவது போல, அறியாதான் சொன்ன தேறுதலும் உள்ளத்தைக் கோணலாக்கும் என்று முன்னோர் இவ்விதியை வகுத்தனர்.

அத்தகைய பட்டயம் பெற்று, தலைநகரில் பதினான்கு ஆண்டு தொழில் செய்த அம்மையார் ஆதன் மருதியார். எட்டாண்டுக்கு முன் ஐப்பசிப் பெருமழையில் ஆவரைப் பேரேரியின் கரை உடைந்து, கீழைச்சேரிகள் இரண்டு நீரோடு போயினமை நும் நினைவில் இருக்கும். எஞ்சியோர் நாள்தோறும் மருதியார் வாயிலுக்கு வந்தனர். ஓராண்டு முழுதும் அவர் எவரையும் திருப்பி அனுப்பினாரல்லர். தம் உணவையும் ஓய்வையும் வந்தோர்க்கே ஈந்தார். ஒருநாள் மகவை இழந்த தாயொருத்தி அவர்முன் அழுதுகொண்டிருந்தாள். அவள் எழுந்து போனபின், தாம் அதுவரை கூரையின் கைமரங்களை எண்ணிக்கொண்டிருந்ததை மருதியார் உணர்ந்தார். கைமரம் பதினேழு என்பது நினைவிருந்தது. அக்குழந்தையின் பெயர் நினைவில்லை.

மறுநாட் காலையே அவர் அவையத்துக்கு நடந்து சென்று, தம் பட்டயத்தை அவைத்தலைவர் நெடுஞ்சேந்தனார்முன் வைத்தார். இனித் தம்மிடம் வருவோர் ஏமாற்றப்படுவர் என்று மட்டும் கூறினார். ஐயாண்டு கடந்தும் புதுப்பிக்கப்படாமையால், விதிப்படி அவர் பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது.

மேலைப் பெருவழியின் அறச்சாலை மடைப்பள்ளியில் அவர் சோறு வடித்துப் பரிமாறி வாழ்ந்தார். வழிப்போக்கர் எவரும் அவரை அறிந்திலர். அதுவே அவர்க்கு இனிதாயிருந்தது. அங்ஙனம் ஏழாவது ஆண்டு நடக்கையில், உப்பு வணிகன் ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவனுக்கு என்ன துயரம் எனக் கேட்கத் தம் நெஞ்சு முந்துவதை உணர்ந்து, மருதியார் அகப்பையைப் பிடித்த கையோடு நின்றுவிட்டார். வறண்டது என்று தாம் கைவிட்ட ஊற்றில் ஈரம் கண்டவர் போல் அன்று முழுதும் இருந்தாராம். ஆயினும் அவனிடம் ஒன்றும் கேட்டாரல்லர். பட்டயம் உள்ள ஒருவரின் இல்லத்துக்கு வழி சொல்லி அவனை அனுப்பிவிட்டு, தமக்குப் பட்டயத்தை மீள அளிக்குமாறு அவையத்துக்கு விண்ணப்பம் எழுதினார்.

அவையத்தார் ஐவருள் இருவர் மறுத்தனர். ஒருமுறை சோர்ந்தவர் மறுமுறையும் சோர்வர் என்றும், அப்பொழுது அவர்முன் அமர்ந்திருப்போர் கதி என்னாகும் என்றும் வினவினர். அவ்வினாவில் நேர்மை இருந்தது; யாமும் அன்று அவ்விருவர் பக்கமே சாய்ந்தோம் என்பதை நும்மிடம் மறைக்கமாட்டோம். ஈற்றில் மூன்று கடமைகள் விதிக்கப்பட்டன. நாற்பது நாள் புதிய நூல்களைக் கற்றல் வேண்டும். தொண்ணூறு நாள் அவையத்தார் ஒருவர் உடனிருந்து காண, ஒருவர் துயரை ஏற்று நடத்துதல் வேண்டும். அதன்பின் ஐவர்முன்னும் தேர்வுக்கு நிற்றல் வேண்டும். உடனிருந்து காணும் பொறுப்பை, மறுத்த இருவருள் ஒருவரான நெடுஞ்சேந்தனார் தாமே ஏற்றார்.

மருதியாரிடம் ஒப்படைக்கப்பட்டவர் பேரேரியின் மடைத்தலைவர் நள்ளன். அவர் நிலையை நீர் அறிதல் வேண்டும். அவ்வேரியின் அடியில் ஆழித்தூம்பு என்னும் பெருமடை உளது. மூழ்கிச் சென்று அதன் கல்மூடியைப் பெயர்த்தாலன்றி நீர் கீழைக்கால்வாயில் பாயாது. அம்மூடியின் பிடி அறிந்தவர் இருவரே: நள்ளனும் அவர் தம்பி கீரனும். பெருமழை நாளில் கரையைக் காக்கும் பொருட்டு அம்மடையைத் திறக்க இறங்கிய கீரன் மீண்டும் மேலே வரவில்லை. அன்றுமுதல் நள்ளன் கணுக்காலுக்கு மேல் நீரில் நின்றாரல்லர். பிறர் இருவர் மூழ்கிப் பார்த்து, மூக்கில் குருதி வழியக் கரையேறினர். எட்டாண்டாய் ஆழித்தூம்பு திறக்கப்படாமையால், கரையை மீளக் கட்டிக் கண்ணெதிரே ஏரி நிறைந்திருக்கவும் கீழை ஊர்கள் இருபத்துநான்கும் மழையை நம்பி ஒருபோகமே விளைத்தன. பூசாரிகள் நள்ளனுக்குக் கயிறு கட்டினர். யாமும் அவரை அழைத்து, முதலில் புகழ்ந்தும் பின்னர் அதட்டியும் பார்த்தோம். அதட்டியதற்காக இன்று நாணுகின்றோம்.

அவ்விருவரிடையே நிகழ்ந்ததை யாம் எவ்வாறு அறிந்தோம் என நீர் ஐயுறலாம். மருதியாரை யாம் வினவியபோது, அமைச்சர் கேட்டாலும் அரசியே கேட்டாலும் அச்செய்திக்கு உரியவர் நள்ளன் ஒருவரே என்று பணிவுடன் கூறி வாய்மூடிக்கொண்டார். பின்னர் நள்ளன் தாமே எம்பால் வந்து, தம் கதை தம்மைப் போன்ற மற்றொருவர்க்கு உதவுமாயின் எழுதுக என்று இசைந்தார். அவர் வாய்மொழியை மாற்றாது எழுதுகின்றோம்.

முதற் பதினைந்து நாள் நள்ளன் வந்தார், அமர்ந்தார், சென்றார். மருதியார் அவரைப் பேசுமாறு வற்புறுத்தவில்லை. அவர் துயர் கேட்கும் அறையாகிய, ஏரி கண்ணுக்குத் தெரியாத கேள்விமனையில் தொடங்கி, பின்னர்க் கரையின் பின்புறத்திலும், அதன்பின் கரைமீதும், பின்னர்ப் படித்துறையிலுமாக, நள்ளன் ஒப்பும் அளவே இருவரும் இடம் மாறினர். அவர் வேண்டா என்ற நாளில் முன்னை இடத்துக்கே திரும்பினர். அவர் அடிக்கடி இடக்காதைத் தொட்டுக்கொள்வதை மருதியார் கண்டார். அறுபத்தோராம் நாள், அக்காதில் நோவு உண்டோ என்று மட்டும் கேட்டார். எட்டாண்டில் எவரும் கேளாத வினா அது.

நள்ளன் நீரை நோக்கியபடி கூறியது இது: "எல்லாரும் எனக்குத் தண்ணியக் கண்டாப் பயம்னு நெனைக்கிறாங்க. தண்ணிகிட்ட எனக்கென்னம்மா பயம். அன்னிக்கு எறங்க வேண்டியது நான். காதுல சீழு, வலி தாங்கலன்னு சொல்லித் தம்பிய எறக்கிவிட்டேன். உள்ள போனா அவன் என்னைக் கேப்பான்."

ஊழ் என்றோ, உம்மேல் பிழையில்லை என்றோ மருதியார் சொல்லியிருக்கலாம். யாமாயின் அதையே சொல்லியிருப்போம். அவர் கேட்டது வேறு. "கேட்டா, அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

நள்ளன் தம் கையை இடக்காதின்மேல் வைத்தார். பின்னர், "காது நெசமாவே வலிச்சுதுடான்னு சொல்லுவேன்" என்றார்.

சொல்லியபின் அழுதார். தாம் பொய்சொல்லித் தம்பியை அனுப்பிவிட்டோமோ என்று எட்டாண்டாய்த் தம்மையே ஐயுற்றுக் கிடந்தவர், தம் வாயால் அம்மெய்யைக் கேட்டு அழுதார். உடனிருந்த நெடுஞ்சேந்தனாரின் ஏட்டில் அன்றைய பக்கத்தில் நாளும் கிழமையும் தவிர ஒன்றும் இல்லை. ஏன் எழுதவில்லை என யாம் கேட்டபோது, எழுத்தாணியைக் கையில் பிடித்திருந்ததே மறந்துபோயிற்று என்றார்.

அதன்பின் நள்ளன் முழங்கால் அளவும், இடுப்பளவும், கழுத்தளவும் இறங்கினார். ஆடித் திங்கள் புதுப்புனல் நாளில் ஆழித்தூம்பைத் திறப்பதாகத் தாமே சொல்லி அனுப்பினார். கோமகளும் யாமும் கரையில் நின்றோம். கீழை ஊர்கள் இருபத்துநான்கினின்றும் மக்கள் கால்வாயின் இருமருங்கும் வந்து நிறைந்தனர். நள்ளன் மருதியாரை நோக்கித் தலையசைத்துவிட்டு மூழ்கினார். நீர்மேல் சுழி ஒன்று விழுந்தது. ஏரியின் அடியில் இடி உருண்டாற்போல் ஓர் ஒலி எழுந்தது. கால்வாயின் வாயில் செந்நீர் ஓர் ஆள் உயரம் பாய்ந்து வந்தது. ஆயினும் ஒருவரும் ஆர்க்கவில்லை. ஆளைக் காணாமல் ஆர்ப்பது எங்ஙனம்? அப்பொழுது படித்துறையின் வலப்பால் நள்ளன் தலை மேலெழுந்தது. அவர் வாய்நீரைக் கொப்பளித்து, மூடி பாசி பிடித்து வழுக்குகிறது என்றும், அடுத்த முறை கொக்கி வேண்டும் என்றும் கூறினார்.

பின்னர் எழுந்த ஆரவாரத்தை எவ்வாறு எழுதுவேம்! முதியோர் கால்வாயில் இறங்கி நீரை அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டனர். பறையும் குழலும் ஒன்றை ஒன்று மிஞ்சின. புதுப்புனலைத் தொட யாம் குனிந்தேமாக, எம் தலைப்பாகை நழுவி வெள்ளத்தோடு சென்றது. மூன்றாம் ஊரில் எருமை ஒன்றின் கொம்பில் சிக்கியிருந்து மறுநாள் மீண்டது. கோமகளார் கண்ணில் நீர்வரச் சிரித்ததை யாம் அன்றே கண்டோம்.

தொண்ணூறு நாள் நிறைந்தபின் மருதியார் ஐவர்முன் தேர்வுக்கு நின்றார். நூலறிவில் குறை காண்பார் இல்லை. ஈற்றில், மறுத்த இருவருள் மற்றவர் தம் பழைய வினாவையே கேட்டார்: மீண்டும் சோர்ந்தால் என்செய்வீர்?

மருதியார் உரைத்தார்: "சோர மாட்டேன் என்று சொல்லேன். அன்று சோர்ந்தபோது ஒளிக்காமல் வந்து இங்கே பட்டயத்தை வைத்தேன். மீண்டும் சோர்ந்தால் மீண்டும் வந்து வைப்பேன். இம்முறை இன்னும் விரைவில் வருவேன்; சோர்வு எந்த வழியாக வரும் என்று இப்பொழுது அறிவேன்."

ஐவரும் ஒருமனப்பட்டனர். முதலில் கைதூக்கியவர் நெடுஞ்சேந்தனார். அவையத்துப் பேழையில் கிடந்த பழைய செப்புப் பட்டயத்தைப் புளியிட்டுத் துலக்குவித்து, முன்னைய எழுத்தின்கீழ், தாமே வைத்தார், தாமே பெற்றார் என்னும் இரு தொடரை வெட்டுவித்து, கோமகளார் தம் கையால் மருதியார்க்கு அளித்தருளினார். அறச்சாலை மடைப்பள்ளியார் அன்று அவைக்கு வந்து, தாம் சமைத்த பாயசத்தை ஐவர்க்கும் பரிமாறினர். மறுத்தவர் இருவரும் இருமுறை கேட்டு உண்டனர்.

இனி ஆணை. தளர்ந்தோம் எனத் தாமே உணர்ந்து பட்டயத்தை வைக்கும் உளந்தேற்றுநரின் பெயரை, இன்றுமுதல் எந்த மண்டலத்து அவையமும் நீக்குதல் கூடாது. ஓய்விலிருப்போர் என்னும் தனியேட்டில் அதனைக் காத்தல் வேண்டும். அவர் மீள விழையுங்கால் கற்றும், பிறர் உடனிருக்கத் தொழில் செய்தும், தேர்வுக்கு நின்றும் பட்டயம் பெற வழி திறந்திருத்தல் வேண்டும். தேர்வில் தளர்த்தல் வேண்டா. வழியை அடைத்தலும் வேண்டா. நும் கழிமுக மண்டலத்தில் இவ்வாறு பட்டயம் வைத்தவர் மூவர் உளர் எனக் கேட்கின்றோம். இவ்வோலை கண்ட ஏழு நாளில் அவர்தம் இல்லங்கட்கு நும் ஆளை அனுப்பாது, நீரே நேரிற் சென்று இதனை வாசித்துக் காட்டுக. இது கோமகள் ஆணை, மீறுதல் ஆகாது.

தோழமையால் ஒன்று சேர்க்கின்றோம். பட்டயம் அளித்து மூன்று நாள் கழித்து மருதியார் வாயிலில் பதினொருவர் அமர்ந்திருந்தனர். கடைசியாய் அமர்ந்திருந்தவன் யாம். எம் மனையாள் மறைந்த ஈராண்டாய் எவரிடமும் சொல்லாத ஒன்று எம் நெஞ்சில் கிடந்ததை நீரும் அறியீர். பேரமைச்சர் காத்திருத்தல் தகாதென வாயிலோன் உள்ளே ஓடினான். முறைப்படி வருக என்று மருதியார் சொல்லி அனுப்பினார். எமக்கு முன்னிருந்த மீன்காரியோடு ஏரிநீர் பற்றியும் கெண்டைமீன் பற்றியும் பேசிக் காத்திருந்து, எம் முறை வந்ததும் உள்ளே சென்றோம்.

கோமகள் ஆட்சி ஆண்டு பதினொன்று, ஆவணித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், ஆவரம்பூ முத்திரை இட்டு விடுத்தோம். கண்டு, வாசித்து, செய்து, செய்தமை எழுதுக. இவை பூதங்குடி விண்ணன் எழுத்து.