நூறு கிராமுக்கு நூறு கிராம்

ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் வீட்டில் விடுமுறையைக் கழித்துவிட்டு நம் வாலு வந்து சேர்ந்தாள், பை நிறைய சாக்லேட்டோடு. நேற்று பீன்ஸும் கேரட்டும் வேகவைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "இதைவிட சாக்லேட்ல சத்து அதிகம்னு சித்தி சொன்னாங்க. நான் சித்தி வீட்லயே தங்கிப் படிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் எந்த நோயாளி எதைச் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவள் நான். நான் பெற்ற மகளுக்கு நீ எழுதிக் கொடுக்கிறாயா? வயிறு எரிகிறதடி. மறைக்க மாட்டேன்.

உன் அக்கா

மே 1

அன்புள்ள அக்கா,

நான் ஒன்றும் புளுகவில்லை. எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நானே பார்த்ததுதான். நூறு கிராமுக்கு நூறு கிராம் வைத்தால், வேகவைத்த பீன்ஸைவிடக் கறுப்பு சாக்லேட்டில் இரும்புச்சத்தும் மெக்னீசியமும் பல மடங்கு. நீ வேறு காயைக் குழைய வேகவிடுவாய். இருக்கிற வைட்டமினும் ஆவியாகப் போயிருக்கும்!

பொறாமை உனக்கு மட்டும்தானா? அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, அவள் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்க்க மனசு வரவில்லை. உனக்கு அவள் தினமும் இருக்கிறாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே பள்ளியில் இடம் கேட்டுப் பார்க்கட்டுமா?

தங்கை

மே 9

அடி கெட்டிக்காரி,

கொழுப்பையும் சர்க்கரையையும் மட்டும் வசதியாக மறந்துவிட்டாயே! காயில் பெரும்பகுதி தண்ணீர்தான். எடைக்கு எடை வைத்தால் தோற்கத்தான் செய்யும். யாராவது சாக்லேட்டைத் தட்டு நிறைய, தினமும் சாப்பிடுவார்களா? நீ விடுமுறைச் சித்தி. நான் தினப்படி அம்மா. வருஷம் முழுக்க "எழுந்திரு, குளி, படி" என்று கத்துகிறவளையும் பத்து நாள் கொஞ்சுகிறவளையும் ஒரே தராசில் வைத்தால் நான் என்ன ஆவேன்?

அவளோ உன்னிடமே வருவேன் என்று சாப்பிடாமல் அடம்பிடிக்கிறாள். சரி, கூட்டிக்கொண்டு போ. நீயும் தினப்படி ஆகிப் பார்.

அக்கா

ஜூலை 18

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதுதான் சரி. அவள் இங்கே பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பீன்ஸ் நான்தான். வேலை விட்டு வந்ததும் காய் நறுக்குகிறேன், "போனை வச்சுட்டு படி" என்கிறேன். நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீயும் அம்மா மாதிரியே ஆயிட்ட, போ!" என்று அறைக்கதவை என் முகத்தில் அறைந்து சாத்தினாள்.

உன்னிடம் சொன்னால் என்ன, எனக்குக் கோபமே வரவில்லை. அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். விருந்தாளி முகத்தில் யாராவது கதவைச் சாத்துவார்களா, அக்கா?

தங்கை

பி.கு.: நீ அனுப்பிய சாக்லேட் பெட்டி போன வாரமே வந்தது. "அம்மாவுக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லிடு சித்தி" என்றாள், அவ்வளவு மரியாதையாக.

ஜூலை 25

தங்கைக்கு,

தேங்க்ஸா? எனக்கா?

இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது. தட்டைத் தள்ளியிருக்கிறாள், முறைத்திருக்கிறாள், எங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளே அவள் சாத்திச் சாத்தித்தான் கழன்றது. அதையெல்லாம் உன்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, கடையில் வாங்கிய பெட்டிக்கு மரியாதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, என்னைவிட முட்டாள் உண்டா? நீ சாக்லேட் கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.

இனி பெட்டி எதுவும் வராது. சனிக்கிழமை நான் வருகிறேன், பை நிறைய பீன்ஸோடு. உன் அடுப்பில் நானே வேகவைப்பேன், குழையக் குழைய. அவள் கத்தினால் என்னைப் பார்த்துக் கத்தட்டும். நீ குறுக்கே வராதே.

உன் அக்கா