அம்மாவின் பாதிச் சேலை

சின்னக்கானல்,
மாசி 9.

தங்கச்சிக்கு,

உனக்கு ஏழாம் மாதம் என்று எங்கள் தோட்டத்துக் கங்காணி சுருளிவேல் சொன்னார். நீ சொல்லி அனுப்பியதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போடிச் சந்தையிலிருந்து சிவப்புச் சாயப்பொடி ஒரு பொட்டலம் அவரையே வாங்கிவரச் சொன்னேன். அம்மா கடைசிவரை கட்டிய வெள்ளைச் சேலையில் என்னிடமுள்ள பாதியை நேற்றுச் சாயத்தில் முக்கினேன். வெள்ளைத் துணியில் தொட்டில் கட்டக் கூடாதல்லவா? மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, கம்பால் கிண்டினேன். சேலை நன்றாகச் சிவந்துவிட்டது, என் கையும்தான். இந்த மூடுபனியில் காயாமல் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.

அம்மா காரியத்தன்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோமே, அந்தக் கிழிசல் ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்கவில்லை. அன்றைக்கு நீ மட்டுமா இழுத்தாய்?

உன் மச்சான் பார்த்துவிட்டு, "பாதிச் சேலை உத்திரத்துக்கு எட்டாதே புள்ள" என்றார்.

"எட்டாதுன்னு தெரிஞ்சுதான் முக்குனேன்" என்றேன்.

பொட்டலத்தில் பாதிப் பொடி மிச்சமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊசி நூலோடு சித்திரபுரம் வருகிறேன். உன் பாதியை எடுத்து வை. தண்ணீர்க்குடத்தை நீ தூக்காதே, நான் வந்து பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா