உன் வாட்சில் ஒரு முழுக்கு என்னுடையது

யோவ்,

உன் வாட்சு இன்று காலை கத்தியிருக்கிறது. உன் வீட்டுக்காரி அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, வடக்குத்து ஊரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, என் மகள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, பீரோவத் தொடச்சேன். அதே ஈரத்துணியால இதையும் ஒரு தொட தொடச்சேன். ஒடனே உசுரு வந்து கீச்சு கீச்சுங்குது. அவருதான் கூப்புடுறாரோன்னு எனக்குப் பக்குனு ஆயிடுச்சு."

"அவனா? உசுரோட இருக்கறப்பவே மிஸ்டு கால் உட்டுட்டு வெச்சிடுற ஆளு. மேலேர்ந்து காசு போட்டா கூப்புடப் போறான்?" என்றேன்.

சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அன்னைக்குக் காலைல அவரு கடைசியா பேசினது உங்ககிட்டதான். போன்ல நம்பரு இருக்குது. இன்னா பேசினாரு?"

மூன்றாவது முறை கேட்கிறாள். உன்னை எடுத்த அன்று கேட்டாள். கருமாதியன்று கேட்டாள். இரண்டு தடவையும் "சும்மாதாம்மா, நல்லாருக்கியான்னு கேட்டான்" என்று சொல்லித் தப்பித்தேன். இந்தத் தடவை, "பேட்டரி தீந்துபோச்சும்மா. மாத்தி சாயங்காலம் நானே எடுத்தாறேன். அப்பப் பேசிக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன். ஆக, சாயங்காலம் வரை எனக்கு வாய்தா. ஒன்பதாவது பெயிலானவன் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுவது அதனால்தான். தப்பிருந்தால் திருத்திக்கொள்.

வாட்சு என்று நீயும் நானும் சொல்வோம். அதன் பெயர் டைவ் கம்ப்யூட்டர். தண்ணீர் பட்டால் தானாக விழித்துக்கொள்ளும். கடலுக்குள் எவ்வளவு ஆழம் போனோம், எவ்வளவு நேரம் இருந்தோம், இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்று சொல்லும். ஆழத்தில் இழுக்கிற மூச்சில் ஒரு காற்று ரத்தத்தில் கரைந்து தங்கிவிடுமாம். அளவு மீறி இருந்துவிட்டு மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே பொங்கிவிடும். மூட்டு வலிக்கும், கை கால் மரக்கும், சிலர் எழுந்திருப்பதே இல்லை. புதுச்சேரியில் நமக்குக் கடலில் முழுகச் சொல்லிக்கொடுத்த ஜெரோம் இதைச் சொன்னபோது நான் சோடா கேட்டேன். நீ மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாய்.

நீ எப்போதும் அப்படித்தான். நாம் வேலை பார்த்த நெய்வேலி மைன்ஸில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். இரவும் பகலும் பம்ப் ஓட வேண்டும், மணிக்கு ஒரு தரம் கேஜ் பார்த்து எழுத வேண்டும். நான் போன மணிக்கு எழுதியதையே இந்த மணிக்கும் எழுதிவிட்டுக் காலை நீட்டுகிறவன். நீ எழுந்து போய், கண்ணாடி மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாய். "முள்ளு பொய் சொல்லும்யா. தட்டினாத்தான் உண்மையக் கக்கும்." இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது.

ரிட்டயர் ஆன மறுவாரம் நீதான் ஆரம்பித்தாய். "ஆயுசு பூரா தண்ணிய வெளிய எறச்சிக் கொட்டினோம். ஒரு தரம் அது வூட்டுக்குள்ள போயி பாத்துட்டு வரலாமாய்யா?" டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கினோம். மஸ்கட்டில் இருக்கும் என் மகன் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் அனுப்பினான். பயிற்சியில் நான்கு முழுக்கு. அந்த நான்கிலும் நீ என் இடது மணிக்கட்டை விடவே இல்லை. கடலில் மீன் பார்த்தாயோ இல்லையோ, உன் மீட்டரைப் பார்த்தாய். ஒவ்வொரு தரமும் அதை இரண்டு தட்டு. ஜெரோம் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது.

பயிற்சி முடிந்து வந்ததும் என் கம்ப்யூட்டரை, உப்பு போகட்டும் என்று, ஒரு வாரம் பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். தண்ணீருக்குள் இருந்தால் அது தூங்காது என்று எனக்கு உறைக்கவில்லை. கடலில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்த ஒரு வாரமும் பாத்ரூமில் டியூட்டி பார்த்திருக்கிறது. அந்த ஞாயிறு, முதல் முழுக்கு முடிந்து படகில் ஏறிப் பார்த்தால் திரையில் ஒன்றுமில்லை. செத்துவிட்டது.

நீ தண்ணீரிலேயே இறங்கவில்லை. படகு ஆடிய ஆட்டத்தில் காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குப் படைத்துக்கொண்டிருந்தாய்.

"உன்னுது போயிடுச்சா? இந்தா, என்னுதக் கட்டிக்க. நான் எறங்கப் போறதில்ல, எனக்கு எதுக்கு மீட்டரு?" என்று நீயே என் கையில் கட்டிவிட்டாய்.

நமக்குள் எது தனியாக இருந்தது? உன் ஷிப்டை நான் பார்ப்பேன், என் ஷிப்டை நீ பார்ப்பாய். என் டார்ச் அணைந்தால் உன் டார்ச். என் கம்பூட்ஸ் கிழிந்தால் உன் கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடப்பேன். யார் பொருள் என்பது பேச்சில்லை, ஷிப்டு நிற்கக் கூடாது. அந்தப் புத்திதான் கடலுக்கும் வந்தது. ஜெரோம், "பெரியவரே, கம்ப்யூட்டர் ஓகேவா?" என்று கேட்டபோது கையைத் தூக்கிக் காட்டி, "ஷோக்கா இருக்குது தம்பி" என்றேன். என்னுடையது செத்த கதையைச் சொன்னால் படகிலேயே உட்கார வைத்துவிடுவான் என்று இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டோம்.

இரண்டாவது முழுக்கில் எனக்குக் கொண்டாட்டம். பண்ருட்டிப் பலாப்பழம் மாதிரி முள்ளோடு ஊதிக்கிடந்த ஒரு மீனைப் பார்க்க எல்லோருக்கும் கீழே இறங்கினேன். ஜெரோம் மேலே வரச்சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினான். அவனுடையதில் நிமிஷம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டதாம். நான் உன் வாட்சைத் தட்டிக் காட்டினேன். நாற்பதுக்கு மேல் இருந்தது. அவனுடையதுதான் ரிப்பேர் என்பதுபோல் கையாட்டினேன். அவன் நீந்தி வந்து என் சிலிண்டரைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனான். மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடிக்க வைத்து, காற்று தீரப்போகிற வரை தொங்கவிட்டான்.

படகில் ஏறியதும் கேட்டான்: "இது யார் கம்ப்யூட்டர்?"

"கோயில்ல செருப்பு மாறிப்போற மாதிரி மாறிப்போச்சு தம்பி."

அவன் சிரிக்கவில்லை. "பெரியவரே, காலைல முழுகின முழுக்கு இன்னும் உங்க ஒடம்புக்குள்ள இருக்கு. அது உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். அது செத்துட்டா, அன்னைக்கு உங்களுக்குக் கடல் முடிஞ்சுது. இவரு தண்ணியவே தொடல. இவரோடதக் கட்டினா, நீங்க இப்பதான் வீட்டுலேர்ந்து வர்றீங்கன்னு அது நெனச்சுக்கும்."

எனக்கு ஆக்சிஜன் மாட்டினார்கள். முகமூடிக்கு மேலே உன் முகத்தைப் பார்த்தேன். வாந்தி நின்றுவிட்டிருந்தது. "நான்தான் கட்டிவுட்டேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாய்.

நாளைக் காலை வரை பார்க்க வேண்டும், வலியோ மரப்போ வந்தால் உடனே போன் பண்ண வேண்டும் என்று சொல்லி ஜெரோம் அனுப்பிவைத்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் நான். கடலூர் தாண்டுவதற்குள் பத்து முறை என் விரலைக் கிள்ளிப் பார்த்தாய்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இதுல?"

"அது உன் வெரலுய்யா."

எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். பயம் வந்தால் எனக்கு வாய் நமநமவென்று எதையாவது செய்யச் சொல்லும். குறிஞ்சிப்பாடி நெருங்கும்போது இடது கையைத் தொங்கவிட்டுத் தலையைச் சாய்த்து, "யோவ்... கை வரலய்யா" என்றேன்.

நீ போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். "ஆசுபத்திரிக்கு வுடுங்க! வண்டிய ஆசுபத்திரிக்கு வுடுங்க!" ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் அந்தக் கையாலேயே பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, எல்லோருக்கும் டாட்டா காட்டினேன்.

"ஏம் பெருசு, வெளாட வேற பஸ்ஸு கெடைக்கலியா உனக்கு?" என்று கண்டக்டர் திட்டினார். பஸ்ஸே சிரித்தது. உன்னைத் தவிர.

வடலூரில் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டாய். பின்னாலேயே ஓடிவந்தேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். மைன்ஸில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றபோதுகூட அப்படி உன்னைப் பார்த்ததில்லை.

"ஒடம்பு விசயத்துல வெளாடாதய்யா. நான் கட்டிவுட்ட மீட்டருய்யா அது."

அடுத்த பஸ்ஸில் நெய்வேலி வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாய். நடு நடுவே விரல் முட்டியால் இரண்டு தட்டு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் போன் பண்ணி, "கை எப்பிடிய்யா இருக்குது?" என்றாய். நான் தினம் ஒரு புளுகு விட்டேன். ஒரு நாள் கை மீனாக மாறிவிட்டது என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, மெயின் பஜாரில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உன் போன்.

"யோவ், இடது கை மரத்த மாதிரி இருக்குதுய்யா."

பஸ்ஸில் நான் போட்ட கூத்துக்குப் பழி வாங்குகிறாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"எந்தக் கடல்ல முழுகிட்டு வந்த? அஞ்சு மீட்டர்ல மூணு நிமிசம் தொங்கு, சரியாப்பூடும்."

நீயும் சிரித்தாய். கொஞ்சம் இழுத்தாற்போல் சிரித்தாய். "சரிய்யா, வெச்சிடுறேன்."

அரை மணி கழித்து உன் வீட்டுக்காரி போன் பண்ணினாள். கத்திரிக்காய் இன்னும் என் கையில்தான் இருந்தது.

இதைத்தான் நான் சாயங்காலம் சொல்ல வேண்டும். முள் இருந்த இடத்தை நான் தட்டிப் பார்க்கவில்லை, போன மணி ரீடிங்கையே எழுதிவிட்டேன் என்று. ஏற்கெனவே பொழுது சாய்ந்துவிட்டது. பேட்டரி மூடியைக் காசை வைத்துத் திருகினேன். உள்ளே ரப்பர் வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் கடல் புகுந்துவிடும் என்பான் ஜெரோம். மூன்று தரம் துடைத்தேன். புதுப் பேட்டரி போட்டதும் திரை வந்துவிட்டது. மிச்சம் மீதி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, இப்போதுதான் பிறந்த மாதிரி விழிக்கிறது. ஆனால் பழைய முழுக்குகளின் பட்டியல் மட்டும் அழியவில்லை. ஐந்து இருக்கிறது. நான் கிளம்புகிறேன்.

இது மறுநாள் காலை எழுதுவது.

சொல்லிவிட்டேன்யா. செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலைல எழுந்ததும் எங்கிட்டயும் சொன்னாரு அண்ணே. கைய மடக்கித் தலைக்கு வெச்சுப் படுத்தா மரக்காம இன்னா பண்ணும்னு திட்டிட்டு ரேசன் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "உங்ககிட்டயாவது வேற எதுனா சொல்லியிருப்பாரோன்னுதான் கேட்டுகினே இருந்தேன். எம்மேல கோவமா இருந்தாரான்னு."

இரண்டு பேரும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோம். என்னால் ஒரு நையாண்டிகூடப் பண்ண முடியவில்லை. முதல் தடவையாக.

வாட்சைக் கொடுத்தேன். பட்டியலைத் திறந்து காட்டினேன்.

"இதுல அவரு எது அண்ணே?"

"இந்த நாலும் அவன். அஞ்சாவது நானு. ஆனா இதுக்குத் தெரியாது, அஞ்சும் ஒரே ஆளுன்னு நெனச்சுகினு இருக்குது."

"எம்மா ஆழம் போனாரு?"

"ஒரு நாப்பது அடி."

"பயந்தாரா?"

"ரொம்ப. என் கையத்தான் புடிச்சுகினு இருந்தான்."

அவள் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் கேஸ் சிலிண்டரைக்கூட நீ விட்டுவைக்கவில்லை போல.

"ஞாயித்துக்கெழம திரும்பக் கடலுக்குப் போறீங்களாமே, ஜெரோம் தம்பி கூப்புட்டுச்சாமே. இதயே கட்டிகினு போங்களேன்."

"வேணாம்மா. இத ஒருத்தருது ஒருத்தரு கட்டக் கூடாது" என்றேன்.

இன்று காலை ஏழு மணிக்கு நானாகவே அவளுக்குப் போன் போட்டேன். "கை, காலு, நெஞ்சு எல்லாம் எப்பிடிம்மா இருக்குது?" என்று கேட்டேன். முட்டி வலிக்கிறது என்றாள். எந்த முட்டி, எப்போதிலிருந்து, நடந்தால் வலியா, உட்கார்ந்தாலும் வலியா என்று வரிசையாகக் கேட்டேன். "இன்னா அண்ணே, கிண்டல் பண்றீங்களா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. நாளைக்கும் கேட்பேன். நம்புகிற வரை கேட்பேன்.

ஞாயிறு இறங்கும்போது என்னுடையதைத்தான் கட்டிக்கொள்வேன். பேட்டரி புதுசு, பார்த்துவிட்டேன். இடது கைதான். நீ பிடித்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டிக்கொள்கிறேன், உனக்கு இடம் வேண்டுமே.