பந்தியிலிருந்து எழுந்தவளுக்கு

கீழப்பழுவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தோழி உண்ணாமலைக்கு வேம்பு எழுதுவது.

உனக்கும் கவிதாவுக்கும் மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷுக்கும் நம் ஊர்ச் சாமிகள் எல்லாம் புனே வரைக்கும் வந்து துணை நிற்கட்டும். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். போன் செய்தால் நீ எடுப்பதில்லையே. கவிதா எடுத்து, "அம்மா தூங்குறாங்க பெரியம்மா" என்கிறாள். பகலில் தூங்குகிற ஆளா நீ? உன்னைத் தெரியாதவளிடம் போய் அந்தக் கதையை விடச் சொல். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, பாதியில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படி.

இங்கே மழை ஏமாற்றிவிட்டது. மருதையாற்றில் மணல்தான் கிடக்கிறது. சிமெண்ட் லாரிகளுக்கு மட்டும் குறைவில்லை, துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நாம் வேலை பார்த்த சத்துணவுக் கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நீயும் நானும் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிய இடத்தில் இப்போது பிள்ளைகள் கை கழுவுகிற குழாய்கள். அந்தப் பக்கம் போனால் எனக்கு மனசு கேட்பதில்லை. கல் பொறுக்கிக்கொண்டே முந்தின ராத்திரிக் கனவைச் சொல்வோமே, அதெல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அரியலூர் பஸ்ஸை நீயே ஓட்டிக்கொண்டு போனதாகவும், கண்டக்டர் சீட்டில் உன் மாமியார் உட்கார்ந்து உன்னிடமே டிக்கெட் கேட்டதாகவும் ஒரு நாள் சொன்னாய். நான் சிரித்த சிரிப்பில் உலை பொங்கி அடுப்பு அணைந்துபோனது. கெட்ட கனவு என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாய். நேரே குழாயடிக்குப் போய், பலிக்காமல் போகட்டும் என்று ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட்டு ஈரக் கையோடு வருவாய். நானும் கேட்க மாட்டேன்.

நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு என் கனவைக் கேட்க நாதியில்லை. மகன் அழகேசனிடம் சொன்னால், "கண்டதையும் தின்னுட்டுப் படுத்தா அப்படித்தாம்மா வரும்" என்கிறான். அந்த ஏக்கத்தில்தான் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. நம் கையால் சாப்பிட்டு வளர்ந்த கலையரசி இப்போது பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் சனிக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டர் மாடிக்குப் போகிறாள். அங்கே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து கனவைச் சொல்கிறார்கள். மனநலப் படிப்புப் படித்த நந்தினி என்கிற பெண் நடத்துகிறாள். கலையரசி என்னையும் அங்கே கூட்டிப் போனாள்.

முதல் நாளே மானம் போயிற்று. என் முறை வந்ததும், "காலையிலயே கொழாய்த் தண்ணிகிட்ட சொல்லிட்டேனே, மறுபடி சொன்னா பலிச்சிடாதா?" என்று கேட்டுவிட்டேன். நந்தினி சிரிப்பாள் என்று பார்த்தால், பாதிப்பேர் "நானும் சொல்லிட்டேங்க" என்று தலையாட்டினார்கள். அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து கனவை முதலில் இங்கே கொண்டு வாருங்கள், குழாய்க்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சியது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. உன் கனவுக்கு இதுதான் அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. 'இது என் கனவாக இருந்தால்' என்று தொடங்கித் தனக்குத் தோன்றுவதைத்தான் சொல்ல வேண்டும். கனவு கண்டவர் எடுப்பதை எடுத்துக்கொள்வார், விடுவதை விட்டுவிடுவார்.

இனி உன் விஷயம். கவிதா எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. உன் இருதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் நீ மாட்டேன் என்கிறாயாம். காரணம் ஒரு கனவாம். மஞ்சள் பட்டுக் கட்டி உனக்குக் கல்யாணமாம், செத்துப்போன சொந்தமெல்லாம் பந்தி பரிமாறினார்களாம்.

கல்யாணக் கனவுக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் அரியமுத்து சாவதற்கு முன்னால் நானும் கனவில் கெட்டிமேளம் கேட்டவள்தானே. அப்போது பக்கத்தில் இருந்து என்னைத் தாங்கியவள் நீ. அதனால் நீ பயப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்லாமல் நேற்று அதைப் பெரம்பலூருக்குக் கொண்டு போனேன். உன் பேரைச் சொல்லவில்லை, என் தோழி ஒருத்தியின் கனவு என்றுதான் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் கலையரசி சட்டத்தை மறந்து, "அவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நந்தினிக்கு மட்டும் விளங்கவில்லை, அது சென்னையில் வளர்ந்த பெண். செத்தவர்கள் பரிமாறியதைச் சாப்பிட்டால் அவர்களோடு போக வேண்டியதுதான் என்று ஒருவர் விளக்கிச் சொன்னார். கவிதா அதை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. எழுந்து போய் மாடிப்படியில் நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எலை போட்டு சோறும் வச்சுட்டாங்களாம் பெரியம்மா. கைய வைக்கப் போறப்ப, வேம்பு இன்னும் சாப்புடலியேன்னு எந்திரிச்சு, வாசல் வரைக்கும் வந்து உங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்களாம். அதோட முழிப்பு வந்துருச்சாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவுறாங்க."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. செத்தவர்கள் கூடியிருந்த இடத்தில் நின்று என் பேரைக் கூப்பிட்டுவிட்டாய். கூப்பிட்டால் நானும் வந்துவிடுவேன் என்று பயம். அதனால்தான் என் போனை எடுக்கவில்லை, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே பயப்படுகிறாய். அடி பைத்தியக்காரி! உன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடாமல் என்னைக் காப்பாற்றவா வாயை மூடிக்கொண்டாய்? படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கலையரசி வந்துதான் எழுப்பிக் கூட்டிப் போனாள்.

உள்ளே போய் மிச்சத்தையும் சொன்னேன். குருநாதன் என்று ஓய்வு பெற்ற லாரி டிரைவர் ஒருவர் வருவார், அதிகம் பேசாதவர். அவர் சொன்னார்: "இது என் கனவா இருந்தா, எனக்கு இன்னும் இந்தப் பக்கந்தான் வேலை இருக்குன்னு எடுத்துக்குவேன்." உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று என்னைக் கேட்டார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே சட்டியைத் தொடுவோம்? ஒரு நாளாவது நீ எனக்கு முன்னால் சாப்பிட்டது உண்டா? அதைத்தான் சொன்னேன். இது என் கனவாக இருந்தால், நான் போகவில்லை, போக மனசில்லாமல் எழுந்து வந்துவிட்டேன் என்றுதான் நினைப்பேன் என்றேன். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம் என்பது அவர்கள் சட்டம். நான் அப்படி விட மாட்டேன், எடுத்துக்கொள்.

ஒரு ரகசியம். நந்தினியை எவ்வளவு மதித்தாலும் என் பயம் முழுசாகப் போகவில்லை. இன்று காலை அழகேசனை வயல் மோட்டாரைப் போடச் சொல்லி, ஓடுகிற தண்ணீரிடம் உன் கனவை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். "என்னம்மா தண்ணிகிட்ட முணுமுணுப்பு?" என்று கேட்டான். சோளத்துக்கு நல்லது என்று சொல்லி வைத்தேன்.

கவிதா ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். அழகேசன் கூட வருகிறான். திருச்சியைத் தாண்டாத நான் புனேவுக்கு வருகிறேன். கருவாடு கொண்டுவந்தால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரா என்று கேட்டுச் சொல். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகச் சொன்னாலும் போக மாட்டேன்.

இதைப் படித்ததும் கவிதாவைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்குச் சரி என்று சொல். அவள் சின்னப் பிள்ளை, தனியாகப் பயந்துகொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டு நீயே எனக்குப் போன் செய். வாய் திறந்து, சத்தமாக, என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. எனக்கு ஒன்றும் ஆகாது. நீ கூப்பிட்டுக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
வேம்பு